பந்தை வரிசையில் நிறுத்திய கதை

ஊரில் தேரோட்டம் நடக்கும்போது வடம் பிடிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆயிரம் பேர் இருப்பார்கள். இன்னார் இன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முன்னே நின்றவர் பின்னே வருவார். களைத்துப் போனவர் விலகிப் பானகம் குடிக்கப் போவார். அவர் விட்ட இடத்தில் வேறொருவர் கை வைப்பார். கூட்டம் ஓயாமல் நகர்ந்துகொண்டும் கலந்துகொண்டும் இருக்கும். ஆனால் அத்தனை பேருடைய முகமும் ஒரே திசையைப் பார்த்திருக்கும்!

இதே ஜனங்களைக் கல்யாணப் பந்தியில் பாருங்கள். இலைக்கு ஓர் ஆள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியாது. சந்தையில் பாருங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் திரிவார்கள். இடமும் நிச்சயமில்லை, திசையும் நிச்சயமில்லை.

பந்தியில் உட்கார்ந்த கூட்டந்தான் ஸ்படிகம். உப்பு, கற்கண்டு, வைரம் எல்லாம் இந்த இனம். இவற்றின் மூலக்கூறுகளுக்கும் அணுக்களுக்கும் போட்ட இடம் போட்ட இடந்தான். சந்தைக் கூட்டம் திரவம். தண்ணீரும் எண்ணெயும் இப்படி. இவை இரண்டுக்கும் நடுவே, வடம் பிடித்த கூட்டத்தைப் போல, ஓடவும் செய்யும், ஒழுங்கும் தவறாது என்கிற மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதற்குத் திரவ ஸ்படிகம் என்று பெயர். கால்குலேட்டரின் எண்களையும், கைக்கடிகாரத்தின் மணியையும், எத்தனையோ வீடுகளில் டெலிவிஷன் படத்தையும் காட்டுவது இந்தப் பொருள்தான்.

ஆனால் நம் கட்டுரையின் கதாநாயகன் டெலிவிஷன் அல்ல. இந்தக் கூட்டத்தில் சேரவே லாயக்கற்றவன் என்று தோன்றிய ஓர் ஆசாமி. உருண்டையானவன், முகமும் இல்லை, முதுகும் இல்லை, வெறும் கரியால் ஆன பந்து. அவனை எப்படி வரிசையில் நிறுத்தினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதே கதை.

காரட்டில் கிடைத்த விந்தை

1888-ம் வருஷம். பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக் கழகத்தில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவர சாஸ்திரி, காரட்டிலிருந்து கொலஸ்ட்ராலைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர்கள் நம்மைப் பயமுறுத்துகிறார்களே, அதே கொலஸ்ட்ரால்தான். அதோடு பென்ஸாயிக் அமிலத்தைக் கூட்டி ஒரு பொருளைத் தயாரித்தார். எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பதற்காகச் சூடாக்கினார்.

145.5 டிகிரி சென்டிகிரேடில் அது உருகியது. ஆனால் தெளிவாக இல்லை. மோர் மாதிரி கலங்கலாக இருந்தது. மேலும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் கலங்கல் சட்டென்று மறைந்து தெளிந்துவிட்டது. ஒரே பொருள் இரண்டு தடவை உருகுமா?

சரக்கில் ஏதோ அழுக்கு என்று கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். ரைனிட்சர் அப்படிச் செய்யவில்லை. ஓட்டோ லெமான் என்ற ஜெர்மானியப் பௌதிக நிபுணருக்கு விவரமாகக் கடிதம் எழுதி, சரக்கையும் அனுப்பி வைத்தார். லெமானிடம் ஓர் அபூர்வமான மைக்ராஸ்கோப் இருந்தது. பொருளைச் சூடாக்கிக்கொண்டே அதன் வழியாகப் பார்க்கலாம். ஒளியின் அதிர்வை ஒரே திசைக்கு அடக்கியும் பார்க்கலாம். கலங்கல் திரவத்தை அதில் வைத்தபோது, ஸ்படிகங்கள் மட்டுமே ஒளியைப் படுத்தும் பாட்டை அந்தத் திரவமும் படுத்தக் கண்டார். ஓடுகிறது, ஆனால் ஸ்படிகமாக நடந்துகொள்கிறது! 1889-ல் இதை உலகத்துக்கு அறிவித்தார்.

உலகம் எளிதில் ஒப்பவில்லை. “இரண்டு திரவங்கள் கலக்காமல் நிற்கும் வெறும் கலவை” என்று பெரிய ரசாயன அறிஞர்களே வாதாடினார்கள். ஐயம் தீர வருஷக் கணக்காயிற்று. 1922-ல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஃப்ரீடெல் இந்த நிலைகளை வகைப்படுத்திப் பெயரிட்ட பிறகுதான் விஷயம் ஓர் ஒழுங்குக்கு வந்தது.

குச்சியும் தட்டும்

எந்த மூலக்கூறு இப்படித் திசை பார்த்து நிற்கும்? வெகுநாள் வரையில் கிடைத்த பதில்: நீளமான குச்சி போல இருப்பது.

தீப்பெட்டிக்குள் இருக்கும் குச்சிகளை நினைத்துப் பாருங்கள். பெட்டியைக் குலுக்கினால் முன்னும் பின்னும் நகரும். ஆனால் குறுக்கே திரும்பாது. இது ஒரு வகை. குச்சிகள் நிமிர்ந்து நின்று, தளம் தளமாக, மாடிமேல் மாடியாக அடுக்கிக் கொள்வது இன்னொரு வகை. தளத்துக்குள்ளே அவை இஷ்டம்போல நகரும். தளத்தை விட்டுத் தாண்டுவதுதான் அரிது.

1973-ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக் கழகத்தின் ஜார்ஜ் கிரே தம் குழுவினரோடு சயனோ-பைஃபினைல் என்ற குச்சி இனத்தை அறிவித்தார். அவற்றில் ஒன்று ஏறக்குறைய 22 டிகிரி முதல் 35 டிகிரி வரையில், அதாவது அறையின் சாதாரணச் சூட்டிலேயே, திரவ ஸ்படிகமாக இருந்தது. கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் திரவ ஸ்படிகம் பரவலாகக் குடியேறியது இதற்குப் பிறகுதான். இந்தக் குச்சியின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

குச்சிதான் வேண்டுமா, தட்டு உதவாதா? இந்தக் கேள்விக்குப் பதில் பெங்களூரிலிருந்து வந்தது. ரைனிட்சர் இரண்டு தடவை உருகும் பொருளைக் கண்ட அதே 1888-ல்தான் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் ஸி. வி. ராமன் பிறந்தார். அவருடைய சகோதரியின் மகன் பேராசிரியர் எஸ். சந்திரசேகர். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, அவரும் ராமனுக்கு உறவினரே.) மாமா நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சதாசிவா, சுரேஷ் என்ற இரு சகாக்களோடு, 1977-ல் இவர் ஒரு புதுமையை வெளியிட்டார். அப்பளம் போல வட்டமான, தட்டையான மூலக்கூறுகளும் திரவ ஸ்படிகமாகும்! அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல அவை தூண் தூணாக நிற்கின்றன. அதுவரையில் குச்சிக்கே சொந்தம் என்றிருந்த அந்தஸ்து தட்டுக்கும் கிடைத்தது.

குச்சி ஆயிற்று, தட்டு ஆயிற்று. மிச்சம் இருப்பது உருண்டை. அது எப்படிச் சேரும்? குச்சிக்கு நீளம் என்று ஒரு திசை உண்டு. தட்டுக்கு முகம் என்று ஒன்று உண்டு. பந்தை எப்படித் திருப்பி வைத்தாலும் பந்துதானே?

கரிப்புகையில் பிறந்த பந்து

அந்தப் பந்தின் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

1985 செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக் கழகம். ரிச்சர்ட் ஸ்மாலி, ராபர்ட் கர்ல், இங்கிலாந்திலிருந்து வந்த ஹாரி க்ரோட்டோ ஆகிய மூவரும், அவர்களுடைய மாணவர்களும், கிராஃபைட் என்ற கரியின் மேல் லேஸர் ஒளியைப் பாய்ச்சி ஆவியாக்கிக்கொண்டிருந்தார்கள். கரி அணுக்கள் ஆவியில் எப்படிக் கூட்டம் சேருகின்றன என்று எடை பார்த்தபோது, 60 அணுக்கள் சேர்ந்த கூட்டம் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் தென்பட்டது. அறுபதில் அப்படி என்ன விசேஷம்?

ஸ்மாலி ஓரிரவு வீட்டில் உட்கார்ந்து காகிதத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தார். 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் சேர்ந்தபோது ஓர் உருண்டை கிடைத்தது. அதற்குச் சரியாக 60 முனைகள். தோலில் கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்த கால்பந்தின் அமைப்பு அதேதான்! 1967-ல் மாண்ட்ரியல் கண்காட்சியில் இம்மாதிரிக் கோணங்களைக் கோத்துப் பெரிய உருண்டை மண்டபம் எழுப்பிய பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் நினைவாக, பந்துக்கு ஃபுல்லரீன் என்று பெயர் வைத்தார்கள். (இப்படி ஒன்று இருக்கலாம் என்று ஜப்பானியர் எய்ஜி ஓசாவா 1970-லேயே எழுதியிருந்தார். ஜப்பானிய மொழியில் எழுதியதால் வெளியுலகம் கவனிக்கவில்லை.)

1990-ல் வொல்ஃப்காங் கிரெட்ச்மரும் டொனால்ட் ஹஃப்மனும் ஹீலியம் வாயுவுக்குள் இரண்டு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரத்தைப் பாய்ச்சி, படிந்த புகைக் கரியிலிருந்து இந்தப் பந்துகளைக் கைநிறையப் பிரிக்க வழி கண்டார்கள். 1996-ல் கர்ல், க்ரோட்டோ, ஸ்மாலி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பந்து எவ்வளவு பெரிது என்கிறீர்களா? பத்து லட்சம் பந்துகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும்!

பந்தின் பிடிவாதம்

இந்தப் பந்திடம் ஓர் அருமையான குணம் இருக்கிறது. எலெக்ட்ரானைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாது. ஒன்று, இரண்டு என்று ஆறு வரையில் வாங்கிக்கொள்ளும் என்று 1992-ல் நிரூபித்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் சரிசிஃப்ட்சி, ஹீகர் முதலியோர் இன்னொன்று கண்டார்கள். ஒளி பட்டதும், பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் இனப் பொருளிலிருந்து எலெக்ட்ரான் பந்துக்குத் தாவிவிடுகிறது. அதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. வெயிலை மின்சாரமாக்க இதைவிட நல்ல ஆரம்பம் வேறென்ன வேண்டும்?

ஆனால் எலெக்ட்ரானை வாங்கினால் மட்டும் போதுமா? தீப்பிடித்த வீட்டில் வரிசையாக நின்று குடம் குடமாகத் தண்ணீரைக் கை மாற்றுகிறார்கள் அல்லவா, அப்படிப் பந்துக்குப் பந்து எலெக்ட்ரானைக் கை மாற்ற வேண்டும். வரிசை கோணினால், நடுவே ஓர் ஆள் குறைந்தால், குடம் அங்கேயே நின்றுபோகும். ஆகவே பந்துகள் ஒழுங்காக நிற்க வேண்டும். எங்காவது ஒழுங்கு குலைந்தாலும் தானே நகர்ந்து சரி செய்துகொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பது எங்கே? திரவ ஸ்படிகத்தில்!

இங்கேதான் பந்து முரண்டு பிடிக்கிறது. அதைச் சூடாக்கினால் உருகுவதே இல்லை; கற்பூரம் மாதிரி நேரே ஆவியாகிவிடும். அது மட்டுமா? சாதாரணச் சூட்டில் கட்டியாக இருக்கும்போது, ஒவ்வொரு பந்தும் தன் இடத்தை விட்டு அசையாது. ஆனால் நின்ற இடத்திலேயே விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். திரவ ஸ்படிகத்தில் திசை நிச்சயம், இடம் நிச்சயமில்லை. இந்தப் பந்துக்கோ இடம் நிச்சயம், திசை நிச்சயமில்லை. குணத்தில் நேர் எதிர்!

கிளைவிட்ட மூலக்கூறு

பந்து தானாக வரிசைக்கு வராது. வரிசைக்குப் பழகிய துணையைக் கூடச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கைக்கடிகாரங்களுக்குப் பேர்போன பிரதேசமான ஸ்விட்ஸர்லாந்தின் நௌஷாடெல் நகரத்தில், பல்கலைக் கழகப் பேராசிரியர் ராபர்ட் டெஷெனோ இந்த வேலையில் இறங்கினார். 1993-ல் பிங்கெல் என்ற ஜெர்மானிய ரசாயனி, பந்தின் மேல் ஒரே இடத்தில் ஒரு சின்னப் பாலத்தைக் கட்டி, அதில் வேறு மூலக்கூறுகளைத் தொடுக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். டெஷெனோவும் அவருடைய சகா ஷுவாரும் அந்த முறையைக் கையாண்டு, பாலத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணையைக் கட்டினார்கள். 1996-ல் உலகத்தின் முதல் ஃபுல்லரீன் திரவ ஸ்படிகம் பிறந்தது.

துணையாகக் கட்டியது என்ன தெரியுமா? கொலஸ்ட்ரால் இனந்தான்! ரைனிட்சர் காரட்டிலிருந்து எடுத்தாரே, அந்தப் பழைய ஆசாமியே நூற்றெட்டு வருஷங்களுக்குப் பிறகு புதுப் பந்தைக் கையைப் பிடித்து வரிசைக்கு அழைத்து வந்தார்.

ஆனால் இரண்டு துணையை வைத்துக்கொண்டு நினைத்தபடியெல்லாம் செய்ய முடியுமா? எத்தனை துணை, எந்தப் பக்கம், எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் பண்ணிக் கட்ட வேண்டுமானால் ஒரு சட்டம் வேண்டும். அதற்கு உதவியது டெண்ட்ரிமர் என்ற மர மூலக்கூறு. கிரேக்க மொழியில் மரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1978-ல் ஜெர்மனியில் பான் நகரத்து ஃப்ரிட்ஸ் ஃபோக்ட்லே இப்படிக் கிளைவிடும் மூலக்கூறுகளுக்கு வழி காட்டினார். 1980-களில் அமெரிக்காவின் டொனால்ட் டொமாலியா பெரிய மரங்களையே வளர்த்துப் பெயரும் சூட்டினார்.

அடிமரம் இரண்டாகக் கிளைக்கும். ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டு. இரண்டு நாலு, நாலு எட்டு, எட்டு பதினாறு. ஒவ்வொரு கிளைப்புக்கும் ‘தலைமுறை’ என்றே பெயர். நம் வம்சாவளிப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும். இயற்கை மரத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே ஒரு கிளை கூடக் கூடாது, ஒரு கிளை குறையக் கூடாது. அதனால் 1990-ல் ஹாக்கரும் ஃப்ரெஷேயும் ஒரு யுக்தி செய்தார்கள். அடியிலிருந்து நுனிக்குப் போகாமல், நுனிக் கொம்புகளை முதலில் செய்து, சுத்தம் பார்த்து, இரண்டிரண்டாக உள்நோக்கிச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். பூத்தொடுப்பவர்கள் இரண்டிரண்டு பூவாக எடுத்து வைத்துக்கொண்டு தொடுப்பது போல. பிசகு நேர்ந்தால் உடனே தெரியும். மரம் முழுவதையும் இழக்க வேண்டாம்.

நுனிக் கொம்புகளில் எதைக் கட்டினார்கள்? ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் சயனோ-பைஃபினைல் குச்சியைத்தான். கடிகாரத்தில் மணி காட்டிக்கொண்டிருந்த குச்சி இலைகளாகத் தொங்க, அடிமரத்தில் பந்து. நௌஷாடெலில் தயாரித்தார்கள், எக்ஸ்-ரே கதிர்களைப் பாய்ச்சி உள்ளமைப்பை அளந்து சொல்வதில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து டேனியல் கியோன், பெர்ட்ராண்ட் டொனியோ ஆகியோர் தோள்கொடுத்தார்கள்.

இடம் போதுமா?

இந்த வேலையின் சூட்சுமம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சி தளத்தில் அடைத்துக்கொள்ளும் இடத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து அடைத்துக்கொள்வது ஏறக்குறைய நாலு பங்கு. ஆளுக்கு ஒரு பாய் என்று விரித்த கூடத்தில், நாலு பாயை அடைத்துக்கொண்டு படுக்கும் விருந்தாளி வந்தால் என்ன ஆகும்?

மரம் சிறிதாக இருந்து குச்சிகள் குறைவாக இருந்தால், பந்து இருக்கும் பக்கம் பருத்தும் குச்சி இருக்கும் பக்கம் மெலிந்தும் போகும். அப்போது மூலக்கூறுகள் தாமே ஓர் உபாயம் செய்துகொள்கின்றன. ஒன்று கிழக்கே தலை வைத்தால் அடுத்தது மேற்கே தலை வைக்கிறது. இடம் போதாத வீட்டில் குழந்தைகளைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வைக்கிறோமே, அதே ஏற்பாடு! பருத்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வர, தளம் நிரம்பிவிடுகிறது.

மரம் பெரிதாகிக் குச்சிகள் பெருகினால் கதை மாறுகிறது. மரத்தின் கிளைகள் பக்கவாட்டில் பரந்து படுத்துக்கொள்ள, குச்சிகள் மேலும் கீழும் நிமிர்ந்து நிற்கின்றன. பந்து நடுவே கிளைகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. சிறு மரத்தில் பந்து சொன்னபடி ஆட்டம். பெரு மரத்தில் குச்சி சொன்னபடி ஆட்டம்.

2007-ல் இன்னும் ஒரு படி போனார்கள். பந்தின் ஒரு பக்கம் தளமாக அடுக்கப் பிரியப்படும் குச்சி மரம். மறு பக்கம் தூணாக நிற்கப் பிரியப்படும் வேறு இன மரம். ரோமானியர்களுக்கு ஜானஸ் என்று முன்னும் பின்னும் முகமுள்ள தெய்வம் ஒன்று உண்டு; அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள். இரண்டு மரங்களின் தலைமுறைகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில், தளமா தூணா என்பதைத் தயாரிப்பவரே தீர்மானிக்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு வீட்டு நக்ஷா போடுவது போலத்தானே இது?

கொடுத்த விலை

இவ்வளவும் சந்தோஷமே. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. மரத்தைப் பெரிதாக்க ஆக்க வரிசை ஒழுங்காகிறது. அதே சமயம் மொத்தச் சரக்கில் பந்தின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. மரமும் குச்சியும் எலெக்ட்ரானைக் கை மாற்றுவதில் பந்துக்கு ஈடாகாது. குடம் வாங்கும் ஆட்களுக்கு நடுவே சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் நிறைந்துவிட்டால் தண்ணீர் எப்படிப் போகும்?

1999-ல் டெஷெனோ குழு, எர்லாங்கன் நகரத்து ஆண்ட்ரியாஸ் ஹிர்ஷ் குழுவோடு சேர்ந்து, பந்தின் மேல் ஒரே இடத்தில் அல்ல, ஆறு இடங்களில் துணை கட்டிப் பார்த்தது. அதுவும் திரவ ஸ்படிகமாயிற்று. ஆனால் பந்தின் மேல் ஒவ்வோர் இடத்தில் கட்டும்போதும் அதன் இரட்டைப் பிணைப்புகளில் ஒன்று போகிறது. எலெக்ட்ரானை ஆவலோடு வாங்கும் குணத்துக்கு ஆதாரமே அந்தப் பிணைப்புகள்தாம். ஓரிடத்தில் கட்டினால் குணம் பெரும்பாலும் நிற்கிறது. ஆறு இடத்தில் கட்டினால் பந்து பெயருக்குத்தான் பந்து. வரிசையும் வேண்டும், பந்து பந்தாகவும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஜப்பானிலிருந்து ஓர் அழகான யோசனை வந்தது. டோக்கியோ பல்கலைக் கழகத்தின் எய்ச்சி நகமுராவும் அவருடைய குழுவினரும், பந்திலுள்ள ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி மட்டும் ஐந்து கைகளை ஒட்டினார்கள். மேலே பந்து, கீழே விரிந்த ஐந்து கை. பூப்பந்து ஆட்டத்தில் சிறகு வைத்த பந்து ஒன்று உண்டல்லவா? அச்சாக அதே உருவம்! அந்தப் பந்துகளை டப்பாவில் எப்படி அடைக்கிறார்கள்? ஒன்றின் தலை அடுத்ததன் சிறகுக்குள் நுழையும்படி. இந்த மூலக்கூறுகளும் அப்படியே ஒன்றுக்குள் ஒன்று தலை நுழைத்துத் தூணாக அடுக்கிக்கொண்டன. திசையே இல்லாத பந்துக்கு இவர்கள் ஒரு திசையைக் கொடுத்துவிட்டார்கள். 2002-ல் வெளிவந்த இந்தச் சேதி, ரசாயன உலகத்தையே புன்னகைக்க வைத்தது.

அதே ஜப்பானைச் சேர்ந்த டகாஷி நகநிஷி குழுவினர் மரத்தையே விட்டுவிட்டார்கள். எண்ணெய்க்கு உரிய நீண்ட கரிச் சங்கிலிகளை மட்டும் பந்தில் ஒட்டினார்கள். சங்கிலிகள் ஒரு பக்கம், பந்துகள் ஒரு பக்கம் என்று எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து, பந்துகள் பந்துகளோடு நெருங்கித் தளம் தளமாக நின்றன. அந்தத் தளங்களின் வழியே எலெக்ட்ரான் நன்றாகவே ஓடுகிறது என்று 2008-ல் அளந்து காட்டினார்கள்.

இதனால் என்ன பிரயோஜனம்?

கடைக்குப் போய் ஃபுல்லரீன் திரவ ஸ்படிகம் ஒரு புட்டி கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. இது இன்னும் ஆராய்ச்சிசாலைச் சரக்குத்தான். ஒரு மரத்தைச் செய்து முடிப்பதற்கே பல படிகள். ஒவ்வொரு படியிலும் வடிகட்டிச் சுத்தம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சரக்கு கையை விட்டுப் போகும். போதாக்குறைக்கு, வெயிலில் மின்சாரம் எடுக்கும் பிளாஸ்டிக் தகடுகளில் வெகுகாலம் ராஜாவாக இருந்த ஃபுல்லரீன் இனத்தை, 2015-க்குப் பிறகு பந்தல்லாத வேறு மூலக்கூறுகள் முந்திவிட்டன. ஆனாலும் பந்து வேலையற்றுப் போய்விடவில்லை. பெரோவ்ஸ்கைட் என்ற புது இனச் சூரியத் தகடுகளில், எலெக்ட்ரானை வாங்கிக் கடத்தும் மெல்லிய படலமாக அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இத்தனை வருஷ உழைப்பும் வீணா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். ரைனிட்சரின் கலங்கல் திரவம் கைக்கடிகாரத்துக்குள் வருவதற்கு எண்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அது எதற்கு உதவும் என்று அவருக்கும் தெரியாது, லெமானுக்கும் தெரியாது. பந்தை வரிசைப்படுத்தியவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருப்பது ஒரு பொருளை மட்டுமல்ல, ஒரு முறையை. எந்த மூலக்கூறானாலும், அது அடைக்கும் இடம் எவ்வளவு, அதற்கு எத்தனை துணை வேண்டும், துணையை எந்தப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டால், தளமோ தூணோ வேண்டியபடி அமைக்கலாம் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். துணை குறைந்தால் வரிசை வராது. மிஞ்சினால் பந்தே மறைந்துபோகும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்தாற்போல் வேறு ஏதேனும் ஒரு பிடிவாதக்கார மூலக்கூறு வந்து, “என்னை வரிசையில் நிறுத்து, பார்க்கலாம்!” என்று சவால் விட்டால், இந்தத் தடவை நூற்றெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிராது.